பாவுக்கும் பானைக்கும் ஒரே கஞ்சி

அரிசித் தட்டுப்பாடு ஓர் ஆட்சியையே மாற்றியது. நூல் தட்டுப்பாட்டுக்கு அந்த வலிமை ஏன் வாய்க்கவில்லை? திருப்பருத்திக்குன்றத்து நெசவாளர் குடும்பங்களை முன்வைத்து ஒரு பார்வை.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் இழைத் தொகுதியைப் பாவு என்றும், அதன் குறுக்கே நாடாவால் செலுத்தப்படும் இழையை ஊடை என்றும் நெசவாளர் வழங்குவர். நெய்யும்போது அறுந்துபோகாத வலுவைப் பெறும்பொருட்டுப் பட்டுப் பாவை அரிசிக் கஞ்சியில் நனைத்து வெயிலில் உலர்த்துவது காஞ்சிபுரம் வட்டாரத்தில் வழிவழியாக வந்த முறையாகும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, இருபுறமும் ஆட்கள் நின்று, ஒன்றோடொன்று ஒட்டிய இழைகளைக் கையால் பிரித்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறுமுன் சுருட்டி எடுத்துவிடுவர். நெசவாளர் வீட்டில் அரிசி உலைக்கும் போகிறது, தறிக்கும் போகிறது. பானையில் வடித்தது வயிற்றை நிறைக்க, கரைத்துக் காய்ச்சியது பாவை நிறுத்துகிறது. அரிசி கிடைக்காத காலத்தில் அவ்வீட்டில் உண்பதும் உழைப்பதும் ஒருசேர இடறும் என்பதை விளக்க இந்தக் கஞ்சியைக் காட்டிலும் நேரான சான்று வேண்டியதில்லை.

காஞ்சி நகரின் புறத்தே, வேகவதியாற்றின் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், பல்லவர் காலத்தில் தோன்றிய திரைலோக்கியநாதர் கோயிலாலும், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88 ஆம் ஆண்டளவில் அங்கு எடுப்பித்த சங்கீத மண்டபத்தாலும், அதன் விதானத்து ஓவியங்களாலும் சமணக் காஞ்சியாகப் பெயர் பெற்ற ஊர். ஊரின் பெயரில் பருத்தி இருக்கிறது. ஆனால் இவ்வட்டாரத்துத் தறிகளில் ஏறுவது பட்டு. அந்தப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நெசவாளர் பலருக்கு விளைநிலம் இல்லாமையால் அரிசியும் பருப்பும் கடையிலிருந்தே வருகின்றன. தறி வீட்டுக்குள் இருந்தாலும் அதை இயக்கும் பொருள்களில் ஒன்றுகூட அந்தத் தெருவில் விளைவதில்லை என்பதால், தொலைவில் எங்கேனும் ஒரு சங்கிலி அறுந்தால் அதன் ஓசை இந்தத் தெருவில் கேட்கிறது.

உழவருக்கும் நெசவாளருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட, வறுமையையும் பஞ்சங்களையும் பற்றிய தமது நூலில், பசி என்பது உணவு இல்லாமையால் மட்டும் வருவதன்று, உணவைப் பெறும் உரித்து ஒரு குடும்பத்துக்கு அறுந்துபோவதால் வருவது என்று வாதிட்டார். உரித்து என இங்குச் சுட்டப்படுவது, ஒருவர் தம் உடைமையையோ உழைப்பையோ கொடுத்து அதற்கு ஈடாகச் சட்டப்படி பெறக்கூடிய பொருள்களின் தொகுதி. உழவர் தம் களத்து நெல்லை நேரே உண்ணலாம்; நெசவாளரால் சேலையை உண்ண முடியாது. சேலை விற்கவேண்டும், கூலி கைக்கு வரவேண்டும், அந்தக் கூலிக்கு அரிசி கிடைக்கவேண்டும் என்னும் மூன்று கண்ணிகளும் அறாமல் இருந்தால்தான் அவ்வீட்டில் அடுப்பு எரியும். பஞ்ச காலத்தில் அரிசி விலை ஏறும்போதே துணி வாங்குவோர் கை சுருங்கிவிடுவதால், நெசவாளர் இருமுனையிலும் அடி வாங்குவர்.

படியும் வாக்குச்சீட்டும்

தமிழகத்தில் தட்டுப்பாடு அரசியலாக மாறிய வரலாறு பர்மாவில் தொடங்குகிறது. சென்னை மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த காலத்தில், 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதால் அந்த வரத்து நின்றது; அடுத்த ஆண்டு சென்னை நகரில் பங்கீட்டு முறை, அதாவது அட்டை ஒன்றுக்கு இவ்வளவு என அளந்து கொடுக்கும் ரேஷன், நடைமுறைக்கு வந்தது. அதே 1943-இல் பிறப்பிக்கப்பட்ட பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணையால் நூலும் அளந்து கொடுக்கப்படும் பொருளாயிற்று. கட்டுப்பாட்டின் நிழலில் கள்ளச்சந்தை வளர்வது இயல்பு என்பதால், கண்ட்ரோல் என்னும் சொல் அன்றைய குடும்பங்களின் பேச்சில் பாதுகாப்பையும் எரிச்சலையும் ஒருங்கே குறித்தது. 1952 ஏப்ரலில் முதலமைச்சரான ராஜாஜி, பதவியேற்ற சில வாரங்களிலேயே, ஜூன் மாதத்தில், உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது கிடைத்த வரவேற்பு அந்த எரிச்சலின் அளவைக் காட்டியது.

ஆனால் கட்டுப்பாடு போனதே தவிரத் தட்டுப்பாடு போகவில்லை. 1960-களின் நடுவில் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. நெல் விருப்பம்போல் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்னும் மண்டலக் கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது. 1966-இல் மட்டும் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை, பெரும்பாலும் அமெரிக்காவின் பொதுச்சட்டம் 480-இன்கீழ், இறக்குமதி செய்தது. அச்சட்டம் அமெரிக்க உபரித் தானியத்தை வளரும் நாடுகளுக்கு எளிய தவணையில் வழங்குவதற்கானது. எனினும் அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் நிறுத்தி நிறுத்தி அனுப்பியதால், ஒரு நாட்டின் அயலுறவுக் கொள்கையே அதன் சோற்றுப் பானையோடு பிணைக்கப்பட்டது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, அதாவது பொங்கல் நாளில், சென்னையைத் தலைமையிடமாகவும் தஞ்சாவூரை முதல் மாவட்ட அலுவலகமாகவும் கொண்டு தொடங்கப்பட்டது இந்தச் சூழலில்தான்.

1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் வைத்த வாக்குறுதி இந்தப் பின்னணியில் பிறந்தது. படி என்பது எட்டு ஆழாக்கு கொண்ட கொள்ளளவு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என அக்கட்சி சொன்னபோது, பொருளாதாரக் கொள்கை முழுவதும் ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு கொள்கலனுக்குள் வந்துவிட்டது. விலைக் குறியீட்டெண், உற்பத்திப் புள்ளிவிவரம் போன்றவற்றைப் பற்றி எவரும் வாதிடலாம். படி நிறைந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. உணவுக் கட்டுப்பாட்டை எதிர்த்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மலிவு விலை அரிசிக்கு வாக்குறுதி தந்த அணியில் இடம்பெற்றது என்பது, அன்றைய தட்டுப்பாடு கொள்கை வேறுபாடுகளை எவ்வளவு கரைத்துவிட்டது என்பதற்கு அடையாளம். 234 இடங்களில் 137-ஐத் தி.மு.க. வென்றது, முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரிலும், காமராஜர் விருதுநகரிலும் தோற்றனர். மொழிப் போராட்டம், கூட்டணிக் கணக்கு, திரைப்படச் செல்வாக்கு ஆகியவை இந்த வெற்றியில் பங்கு வகித்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரிசி இல்லாத வீடுகளில் அவை அனைத்தும் அரிசியின் மொழியில்தான் கேட்கப்பட்டன.

காஞ்சிக்கு இதில் தனி உறவுண்டு. 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழில் சார்ந்த சமூகத்தில் பிறந்த தி.மு.க. நிறுவனர் அண்ணா, 1957-இல் இவ்வூரிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்று, 1962-இல் இங்கேயே தோற்று, ஐந்தே ஆண்டுகளில் முதலமைச்சரானார். ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் 1967-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. நிதிச்சுமை காரணமாக மாநிலம் முழுதும் விரியவில்லை, மூன்று படி என்னும் லட்சியம் லட்சியமாகவே நின்றது. ஆனால் அந்த வாக்குறுதி ஒன்றை நிலைநாட்டிவிட்டது: அரிசி விலை வானிலையின் விளைவன்று, ஆட்சியின் பொறுப்பு. அதற்குப்பின் எந்தக் கட்சியாலும் மழை பெய்யவில்லை என்று சொல்லி ஒதுங்க முடியவில்லை.

வரிசைக்கு யார் விலை கொடுப்பது

தட்டுப்பாட்டின் விலையைப் பொதுவாக ரூபாயில் கணக்கிடுகின்றனர். குடும்பங்கள் அதைப் பெரும்பாலும் நேரத்தில் செலுத்துகின்றன. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் 1980-இல் எழுதிய நூலில், சோஷலிச நாடுகளில் விலை ஏறாமலிருக்க வரிசை நீள்வதை ஆராய்ந்து, அந்த அமைப்புக்குத் தட்டுப்பாட்டுப் பொருளாதாரம் எனப் பெயரிட்டார். விலை உயர்வு பணம் குறைந்தவரை விலக்குகிறது. வரிசை நேரம் குறைந்தவரை விலக்குகிறது. மாதச் சம்பளக்காரர் ஒரு முற்பகல் விடுப்பு எடுத்தால் சம்பளம் குறைவதில்லை; நெய்த அளவுக்குக் கூலி பெறும் குடும்பத்துக்கோ வரிசையில் கழிந்த ஒவ்வொரு மணியும் நெய்யப்படாத அங்குலங்களாகும்.

இதைக் காஞ்சியின் கோர்வைத் தறி தெளிவாகக் காட்டுகிறது. கோர்வை என்பது உடலின் நிறத்துக்கு மாறான கரையைத் தனி நாடாவால் நெய்து, இரண்டு இழைகளும் சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று கோத்துப் பிணைக்கும் நுட்பம். இதற்கு நெசவாளரோடு, கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க மற்றொருவரும் தறியின் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் மனைவிக்கோ மகளுக்கோ உரியது. ஊடைக்குத் தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைத்துக்கொடுப்பதும் அவர்கள் வேலையே. அவர்களே சமையலுக்கும் ரேஷன் கடைக்கும் பொறுப்பு. ஆகவே பருப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வீட்டுப் பெண் பையை எடுத்துக்கொண்டு புறப்படும் கணத்தில் தறி நின்றுவிடுகிறது; கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று திரும்பினால் பருப்பும் இல்லை, அந்த வேளைக் கூலியும் இல்லை. மறுநாளும் இதே நடந்தால் நெய்து முடித்துப் பாவு அறுக்கும் நாள் தள்ளிப்போகும். சேலை கொடுத்துக் கூலி வாங்கும் நாளும் தள்ளிப்போகும். இடைப்பட்ட நாள்களுக்கு, நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்க நேரும். ஒரு கிலோ பருப்பின் பற்றாக்குறை ஒரு குடும்பத்தின் கடன் கணக்கில் வரியாக மாறுவது இவ்வாறுதான்.

அமுதசுரபியிலிருந்து அட்டை வரை

பசிக்குக் காஞ்சி கொண்டிருந்த பழைய விடை அறம். வறட்சியால் காஞ்சி மாநகர் வாடியபோது மணிமேகலை அமுதசுரபியோடு அங்கு வந்து பசி தீர்த்தாள் என்பது சாத்தனாரின் காப்பியத்தில் வரும் செய்தி. சமணம் போற்றும் நால்வகைத் தானங்களுள் உணவுக் கொடையான ஆகாரதானம் இடம்பெறுவதைத் திருப்பருத்திக்குன்றத்து மரபு அறியும். தானம் உயர்ந்தது, ஆனால் அதன் இயல்பில் கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழும் நிற்கின்றனர், கொடாதவர்மீது யாரும் வழக்காட முடியாது. தமிழகத்துப் பொது விநியோக முறையின் அரசியல் பொருள், இந்த மேல்கீழ் உறவைச் சிறிது சிறிதாக மாற்றியதில் இருக்கிறது.

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை அளவுகோலாக்கி, இலக்கு நோக்கிய விநியோகத்துக்கு நாட்டை மாற்றியபோது, தமிழகம் அட்டை உள்ள அனைவருக்கும் உரியது என்னும் பொதுமுறையை விடவில்லை. யார் ஏழை என்று அதிகாரி முடிவு செய்யும் இடத்தில் உண்மையான ஏழைகள் பலர் விடுபடுவதும், விடுபட்டவர் குரல் எழுப்ப இயலாமல் போவதும் பிற மாநிலங்களின் பட்டறிவு. எல்லோரும் வாங்கும் கடையில் சரக்கு இல்லையென்றால் எல்லோரும் கேட்பார்கள் என்பது பொதுமுறையின் பலம். 2007-இல் துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு, பாமாயில் ஆகியவற்றைக் குறைந்த விலையில் தரும் சிறப்புத் திட்டம் சேர்ந்தது. 2008 செப்டம்பர் 15 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தது. 2024 மே மாதத்தில் பருப்பும் பாமாயிலும் கடைகளுக்கு வந்து சேரத் தாமதமானபோது, மே மாதத்துக்கு உரியதை ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பின் உட்பொருள் கவனிக்கத்தக்கது: தானத்துக்கு நிலுவை கிடையாது, நிலுவை என்று ஒன்று இருந்தால் அது கடன், கடன் இருந்தால் கேட்கும் உரிமையும் இருக்கும்.

குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டு பயனாளிகளைக் கண்டறிந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. உதவித்தொகை எனப் பெயரிடாமல் உரிமைத் தொகை எனப் பெயரிட்டதில், அரை நூற்றாண்டு ரேஷன் வரிசையில் நின்று தமிழ்க் குடும்பங்கள் கற்றதும் கற்பித்ததுமான ஒரு சொல் அரசாணைக்குள் ஏறியிருக்கிறது.

கடல் கடந்த கணக்கு

தட்டுப்பாடு ஆட்சிகளை அசைப்பதற்கு இலங்கை இன்னும் கூர்மையான சான்றுகளைத் தருகிறது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலை அளவை ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்கவைப் பதவி விலக வைத்தது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அந்நியச் செலாவணியைச் சேமிக்க இறக்குமதியை இறுக்கியபோது பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசை நீண்டது. மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பட்டினியால் மடிந்தனர். அதே இறக்குமதித் தடை யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய விவசாயிகளுக்கு முன்பு காணாத வருவாயைத் தந்தது. ஒரே கொள்கை தமிழரில் ஒரு பகுதியினரின் அடுப்பை அணைத்து, மற்றொரு பகுதியினரின் கிணற்றடியில் பணத்தைக் கொட்டியது. 1977 தேர்தலில் ஆளுங்கட்சி 168 இடங்களில் 8-ஐ மட்டுமே பெற்றது. அதன்பின் சந்தை திறக்கப்பட்டபோது யாழ்ப்பாண விவசாயி இழந்தார். 2022-இல் எரிவாயுவும் எரிபொருளும் பால்மாவும் இன்றி மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்று, ஜூலை 9 அன்று அதிபர் மாளிகைக்குள் நுழைந்தனர். அந்நெருக்கடியின்போது தமிழக அரசு 40,000 டன் அரிசியையும் 500 டன் பால்மாவையும் மருந்துகளையும் அனுப்ப முன்வந்தது. ஒரு காலத்தில் பர்மா அரிசிக்குக் காத்திருந்த நிலம் அரிசி ஏற்றிய கப்பலை அனுப்பும் நிலமாக மாறியிருந்தது.

யாழ்ப்பாணத்து வெங்காயம் சொல்லும் பாடம் காஞ்சித் தறிக்கும் பொருந்தும்: ஒருவர் தட்டுப்பாடு என்று அழைப்பதை மற்றொருவர் பாதுகாப்பு என்று அழைக்கலாம். 2021-ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டம் கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்த்தியது. பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு அது அரண். பட்டு நூல் விலை கூடுகையில் புதிய பாவு கிடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் நெசவாளருக்கு அதுவே சுமை. இருவருமே எளியவர், இருவருக்கும் நடுவே நியாயமான விலையை யார் நிறுத்துவது என்பதே உண்மையான கேள்வி.

நூலுக்குப் பொறுப்பேற்பவர் யார்

அரிசிக்கு ஏற்பட்ட அரசியல் வலிமை நூலுக்கு ஏற்படாமைக்குக் காரணம், முயற்சி இல்லாமை அன்று. பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர் பெற்ற, கைத்தறிக் கூட்டுறவின் தலைமைச் சங்கம் 1935-இலேயே தோன்றிவிட்டது. கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் தெருவுக்கு வந்த 1953-இல் அண்ணா திருச்சித் தெருக்களில் துணியைத் தோளில் சுமந்து விற்றார்; ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு அப்போதே வரம்பு விதிக்கப்பட்டது. 1983-இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் ரேஷன் கடையையே நெசவாளரின் சந்தையாக்கியது. 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினருக்குப் பட்டும் சரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கின்றன. சரிகைக்கென அரசு நிறுவனம் ஒன்றும் அந்நகரில் உண்டு.

ஆயினும் அரிசியை எல்லோரும் வாங்குகின்றனர். நூலை நெசவாளர் மட்டுமே வாங்குகிறார். அரிசி இல்லாத நாளில் ஊரே ஒரு வரிசையில் நிற்கிறது. நூல் இல்லாத நாளில் ஒவ்வொரு நெசவாளரும் தத்தம் முதலாளியின் திண்ணையில் தனித்தனியே நிற்கிறார், அந்த முதலாளிக்கு அவர் ஏற்கெனவே முன்பணக் கடன்பட்டும் இருக்கிறார். நேரெதிராக, 2022-இல் பருத்தி விலை ஏறி நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து முறையிட்டபோது, ஏப்ரல் 14 முதல் பருத்தி இறக்குமதி வரி நீக்கப்பட்டது. ஒன்றுபட்டு நிற்கும் வாய்ப்பு உள்ளவரின் தட்டுப்பாடு கொள்கையாகிறது. சிதறி நிற்பவரின் தட்டுப்பாடு தலைவிதி எனப் பெயர் பெறுகிறது.

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. நாடு முழுவதும் கைத்தறியைச் சார்ந்தோர் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்து, 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தனர். எஞ்சியவரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் மாத வருவாய் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. விலையில்லா அரிசி இல்லாதிருந்தால் இந்த வருவாயில் தறி மேலும் விரைவில் நின்றிருக்கும் என்பது உண்மை. அந்த அரிசி இருப்பதால்தான் இவ்வளவு குறைந்த கூலி தொடர முடிகிறது என்பதும் ஒதுக்கத்தக்க வாதமன்று. நியாயவிலைக் கடை நெசவாளரைக் காக்கும்போது, அவரது கூலியை நிர்ணயிப்பவரையும் சேர்த்தே காக்கிறது.

2020-இன் ஊரடங்கில் இந்த முரண் அப்பட்டமாக வெளிப்பட்டது. கர்நாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் வராமல் தறிகள் நின்ற வாரங்களில், அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் ரேஷன் கடை வழியே வந்தன. குடும்பங்கள் பட்டினி கிடக்கவில்லை, நெய்யவும் இல்லை. பானைக்கான பொறுப்பை அரசு ஏற்றது. பாவுக்கான பொறுப்பை ஏற்க ஒருவரும் இல்லை.

1967-இன் வாக்காளர் படி ஒன்றைக் காட்டி ஆட்சியைக் கேள்வி கேட்டார், ஆட்சி பதில் சொல்லக் கற்றுக்கொண்டது. நூலுக்கும் அத்தகைய ஓர் அளவை தேவைப்படுகிறது: மாதம் ஒரு தறிக்கு இத்தனை பாவு, இந்த விலையில், இன்ன நாளுக்குள், தவறினால் நிலுவை. அப்படி ஒன்று எழுதப்படும்வரை, திருப்பருத்திக்குன்றத்து வீடுகளில் ரேஷன் அரிசியில் காய்ச்சிய கஞ்சி தட்டாமல் இருக்கும்; அதில் நனைக்கப் பாவு இருக்குமா என்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்துகொண்டிருப்பர்.